வேலியும் பொட்டும்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வந்து இருபாலையைத் தாண்டினால் கோப்பாய். வீதிக்கு மேற்கே செம்மண் தோட்டங்களும் வீட்டு வளவுகளும். எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் இரண்டு பக்கமும் எல்லை மறிக்கும். கிழக்கே கைதடி வீதியால் கொஞ்சத் தூரம் போனால் வளவுகள் முடிந்து, கடல்நீரேரியை ஒட்டிய உவர் வெளி தொடங்கிவிடும். அங்கே ஒரு மரம்கூடக் கண்ணை மறிக்காது. இந்த ஊரில் வளர்ந்தவருக்கு இரண்டும் பழக்கம். ஆனால் யாரோடு எவ்வளவு பழகுவது, யாரைக் கண்டால் பேசாமல் போவது என்பதையெல்லாம் அவருக்குப் பழக்கியது ஒழுங்கைப் பக்கம்தான்.

இடம் மனிதரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு உளவியலிலும் நரம்பியலிலும் நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை இந்த அத்தியாயத்தில் ஒரு வேலியை வைத்துப் பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லை எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்த எல்லையில் வழி எங்கே விட்டிருக்கிறது, அதால் யார் வரலாம் என்பதுதான் வாழ்க்கையைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது.

பழைய யாழ்ப்பாண வேலி உயிருள்ள வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று தடி வெட்டி நட்டால் தளிர்த்துக் கதியாலாக நிற்கும். கதியாலோடு வரிச்சுக் கட்டிப் பனையோலையோ தென்னங்கிடுகோ வைத்து ஆளுயரத்துக்கு மேல் அடைப்பார்கள். ஓலை உக்கினால் கழற்றித் தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பார்கள். கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும். கோப்பாய் அடங்கிய வலிகாமத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய மழைநீரைக் கிணற்றால் அள்ளித்தான் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும். கிணற்றடியில் குளிக்கும் பெண்களுக்கு மறைப்பு வேண்டும்; வேலி இவ்வளவு உயர்ந்ததற்கு ஊரார் சொல்லும் காரணங்களில் அது ஒன்று.

இந்த மறைப்பில் ஓரிடத்தில் இரண்டு கதியாலுக்கு நடுவே ஓலை வைக்காமல், ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. ஒழுங்கைக்குத் திறப்பது படலை. அயல் வளவுக்குத் திறப்பது பொட்டு. படலையால் வருபவருக்கு விறாந்தையில் கதிரை எடுத்துப் போட வேண்டும். பொட்டால் வருபவர் கறிச்சட்டியோடு நேரே குசினிக்குப் போய்விடுவார். ஒழுங்கையில் நாலு பேர் கண்ணில் பட்டு, 'எங்கை போறியள்?' என்ற கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லிப் போக வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

பொட்டு எந்த வேலியில் விழும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடும் காணியும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும்; கலியாணம் முடித்தவர்கள் பெண் வீட்டுக்குக் கிட்டவாகக் குடியிருப்பது பரவலான வழக்கம். எட்டுப் பரப்புக் காணி வைத்திருக்கும் தகப்பன் (16 பரப்பு ஓர் ஏக்கர்) இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நாலு நாலு பரப்பாக எழுதிக் கொடுத்தால், நேற்றுவரை ஒரே முற்றத்தில் விளையாடிய சகோதரிகளுக்கு நடுவில் வேலி வந்துவிடும். உறுதிப் பத்திரத்தின்படி எல்லை வேண்டும். பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் அக்காவிடம் ஓட வழியும் வேண்டும். ஆகவே ஊரின் படத்தில் பொட்டுகளை மட்டும் குறித்துக்கொண்டு போனால், பெண் வழி உறவின் வரைபடம் ஒன்று கிடைக்கும். நில அளவையாளர் கீறிய எந்தப் படத்திலும் அது இராது.

சட்டமும் அயலை மதித்தே வந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1706–07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையில், காணி விற்க நினைப்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கும் அயல் காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்றிருந்தது. பக்கத்து வளவில் யார் வந்து குடியேறுகிறார் என்பது விற்பவர், வாங்குபவர் என்ற இரு தரப்போடு முடிகிற விஷயமாக அப்போது கருதப்படவில்லை.

இனி வேறொரு குடியிருப்புக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் போரிலிருந்து திரும்பி மணமுடித்த மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டியது. அதன் ஒரு பகுதியில் 17 இரண்டு மாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள். எந்த வீடு காலியோ அதுதான் அடுத்து வருபவருக்கு. அயலவரைத் தெரிந்தெடுக்க வழியில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பாக் ஆகிய மூவரும் அங்கிருந்தவர்களிடம் 'யாரோடு கூடப் பழகுகிறீர்கள்?' என்று கேட்டு, 1950இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த கதவுக்காரரை நண்பராகச் சொன்னது நூற்றுக்கு 41. ஒரு கதவு தள்ளி இருந்தவருக்கு 22. மாடியின் இரண்டு அந்தத்திலும் இருந்தவர்களுக்கு 10 மட்டுமே. அந்த இரண்டு அந்தத்துக்கும் நடுவே நூறு அடிகூட இல்லை.

எனக்கு இந்த எண்களைவிட அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் பெரிதாகப் படுகிறது. மாடிப்படி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கீழ்வீட்டுக்காரருக்கு மேல்மாடியில் கூடுதலான நண்பர்கள் இருந்தார்கள். குடியிருப்பின் இன்னொரு பகுதியில், முற்றத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்து வாசல் வைத்த வீடுகள் சில. அவற்றில் இருந்தவர்களுக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர்கூடக் கிடைக்கவில்லை. முழக்கோல் வைத்து அளந்தால் அவர்களும் அயலவர்தான். வாசலின் முகம் மாறியதால் உறவும் மாறிவிட்டது. இதை அந்த ஆய்வாளர்கள் 'செயற்பாட்டுத் தூரம்' என்று பிரித்துச் சொன்னார்கள். கோப்பாய்க் கிழவி ஒருத்தியிடம் கேட்டிருந்தால் பொட்டைக் காட்டி விளக்கியிருப்பாள்.

இவ்வளவோடு நிறுத்தினால் வேலியும் பொட்டும் இனிப்பான கதையாகிவிடும். யாழ்ப்பாணத்தாருக்கு வேலி என்றதும் நினைவு வருவது சண்டை. ஓலை மாற்றும்போதெல்லாம் கதியால் ஒரு விரல் தள்ளிப் போகும். அந்த விரலுக்காகப் பத்து வருடம் வழக்கு நடக்கும். அயல் வளவு மாமரம் இங்கே சருகு கொட்டும். இங்கத்தைக் கோழி அங்கே கிளறும். இதையும் அளந்திருக்கிறார்கள். எபெசன், க்யோஸ், கொனெச்னி என்ற மூவர் கலிபோர்னியாவின் குடியிருப்பு ஒன்றில் நண்பர்களோடு எதிரிகளையும் சேர்த்துக் கேட்டு 1976இல் வெளியிட்டார்கள். நண்பர்கள் கிட்ட இருந்தார்கள். பிடிக்காதவர்கள் அதைவிடக் கிட்ட இருந்தார்கள். நட்பு நேரில் காண்பதால் வளர்ந்தது. வெறுப்புக்கு நேரில் காணத் தேவையே இருக்கவில்லை. சத்தமும் குப்பையும் வந்தாலே போதும். வழி இருந்தால் ஆளைத் தெரியும். வழி இல்லாத எல்லையால் அவருடைய சருகு மட்டும் வந்து சேரும். இரண்டு வீட்டாரும் கோபித்துக்கொண்டால் முதலில் அடைபடுவது பொட்டுத்தான். அதற்குப் பிறகு கோபம் ஆறுவது கடினமாவதில் வியப்பில்லை.

வழியை யாருக்குத் திறப்பது என்ற அதிகாரத்தின் கடுமையான முகம் சாதி. ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதிக் கிணற்றில் தாங்களாகத் தண்ணீர் அள்ளக் கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். வளவுக்குள் கூலி வேலைக்கு வருபவர் எதுவரை வரலாம், முற்றமா கோடியா, எதில் இருக்கலாம் என்றெல்லாம் விதி இருந்தது. எழுதி வைக்காத விதி. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் வாசல்களுக்கான போராட்டங்களே. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லா வீட்டுப் பொட்டும் எல்லோருக்கும் திறந்திருந்ததாகப் பழையதை நினைத்து உருகுபவர்கள், பெரும்பாலும் பொட்டு திறந்திருந்த பக்கத்தில் பிறந்தவர்கள்.

எல்லையும் வழியும் மண்டைக்குள் என்ன செய்கின்றன? 1971இல் லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் ஜோன் ஓகீஃபும் ஜொனதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியும், எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் சுடரும் கலங்களை ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கண்டார்கள். இவை இடக் கலங்கள். 2005இல் நோர்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வார்ட் மோசர் குழுவினர், தரை முழுவதும் அறுகோண ஒழுங்கில் புள்ளி வைத்தாற்போல் சுடரும் வலைக் கலங்களைக் கண்டார்கள். ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு கண்டுபிடிப்புக்கும் இடையில், ஓகீஃபும் நீல் பேர்ஜஸும் 1996இல் செய்த ஒரு சோதனையில், எலி இருந்த பெட்டியின் சுவரைத் தள்ளி நீட்டியபோது இடக் கலங்கள் சுடரும் பரப்பும் கூடவே நீண்டது. மூளை தன் படத்தைச் சுவரிலிருந்து அளந்துகொள்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். எல்லைக்குக் கிட்ட வரும்போது மட்டும் சுடரும் கலங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து உண்மையாகவே அகப்பட்டன.

ஒழுங்கைக்கு நேரே பொருந்தும் சோதனை 2009இல் வந்தது. மோசர் ஆய்வுகூடத்தில் டோரி டெர்டிக்மனும் மற்றவர்களும், திறந்த பெட்டி ஒன்றுக்குள் சமாந்தரமாகச் சுவர்களை நட்டு, எலி வளைந்து வளைந்து போகும் பாதையாக்கினார்கள். திறந்த பெட்டியில் ஒரே விரிப்பாக இருந்த வலைக் கலங்களின் படம், ஒவ்வொரு நடைபாதைக்கும் ஒரு துண்டாக உடைந்தது. முடக்கில் திரும்பும்போதெல்லாம் படம் புதிதாகத் தொடங்கியது. சுவரை எடுத்துவிட்டு, அதே வளைவுப் பாதையில் ஓடும்படி எலியைப் பழக்கியபோது படம் உடையவில்லை. ஓட்டம் ஒன்றுதான். உடைத்தது சுவர்.

அப்படியானால் வேலி போட்ட ஊர் மூளைக்குள் என்றென்றும் துண்டு துண்டாகத்தான் இருக்குமா? 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு (கார்ப்பென்டரும் லண்டன் குழுவினரும்) இதற்கு விடை தருகிறது. அச்சொட்டாக ஒரே மாதிரியான இரண்டு அறைகள். அவற்றை இணைக்க ஒரு நடைவழி. தொடக்கத்தில் எலியின் வலைக் கலங்கள் இரண்டு அறையிலும் ஒரே படத்தைத் திருப்பிக் கீறின. எலி நாள்கணக்காக அந்த வழியால் போய்வந்த பிறகு, படம் மெல்ல மாறி, இரண்டு அறையையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியான படமாகியது. சுவர் அப்படியே நின்றது. போய்வந்த பழக்கம் அதைக் கடந்துவிட்டது. எலிக்கு நடந்ததைக் கோப்பாய்ச் சகோதரிகளின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் பொட்டு உள்ள இரண்டு வளவில் வளர்ந்த பிள்ளை, 'எங்கட வீடு' என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இராது.

இப்போது கோப்பாயில் ஓலை வேலி அருகிவிட்டது. 1990களின் முற்பாதியில் பொருளாதாரத் தடையில் சீமெந்தும் சேர்ந்திருந்ததால் மதில் கட்ட நினைத்தவர்களாலும் முடியவில்லை. போர் முடிந்து பாதை திறந்த பிறகு சீமெந்து வந்தது, வெளிநாட்டுக் காசு வந்தது. ஓலை வெட்டவும் வேலி அடைக்கவும் ஆள் கிடைப்பது குறைந்தது. தகரமும் பிறகு கொங்கிறீட் மதிலும் எழும்பின. மதிலை ஒருமுறை கட்டினால் போதும். வருடா வருடம் அயலவரோடு நின்று எல்லை பார்க்கும் வேலை இல்லை. அதனால் சண்டை குறைந்தது, பேச்சும் குறைந்தது. அதோடு, சீதனமாகப் பிரிந்த பக்கத்து நாலு பரப்பின் சொந்தக்காரி இன்று ரொறன்ரோவில் இருக்கக்கூடும். அந்தப் பூட்டிய வீட்டுக்குப் பொட்டு விட்டுத்தான் என்ன?

இடையில் நடந்த இடப்பெயர்வு தனிக் கதை. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் சில இலட்சம் பேர் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பலர் திரும்பியது 1996 ஏப்ரலில். அயலை விட்டுப் போவது மனிதரை என்ன செய்யும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு: பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த மார்க் ஃபிரைட், அவர்கள் பட்டது இழவுத் துயரத்துக்கு ஒப்பானது என்று 1963இல் எழுதினார். அயலை எவ்வளவு அகலமாகத் தன் வீடாக எண்ணியிருந்தார்களோ அவ்வளவுக்குத் துயரமும் கூடியது.

கோப்பாயில் வழி மூடப்பட்ட இடங்களில் ஊருக்கு வெளியேயும் அறியப்பட்டது மாவீரர் துயிலும் இல்லம். சைவர்கள் பெரும்பாலும் பிணத்தை எரிக்கும் ஊரில், விடுதலைப் புலிகள் தங்கள் இறந்த போராளிகளைப் புதைத்தார்கள். அதனால் தாய்மாருக்குப் போய் நிற்க ஓர் இடம் உண்டானது. 1995–96இல் இராணுவம் குடாநாட்டைப் பிடித்த பிறகு அது இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தில் மீண்டும் கட்டினார்கள். போர் முடிந்த பிறகு மறுபடி அழிக்கப்பட்டு, அந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. புலிகளைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் வேறுபடும்; தமிழருக்குள்ளும் வேறுபடும். இங்கே நம் கேள்வி சிறியது. கல்லறை இல்லை, பெயர்ப் பலகை இல்லை, உள்ளே போக வழியும் இல்லை. அப்படியிருந்தும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் ஆட்கள் வேறொரு வசதியான மைதானத்தைத் தேடாமல், முகாமுக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்ட வந்து, வெளியே நின்று விளக்கேற்றுகிறார்கள். நினைவு சூழலோடு ஒட்டிக்கொள்வதை ஸ்கொட்லாந்தில் கொடனும் பாடலியும் 1975இல் நீர்மூழ்குபவர்களைக் கொண்டு காட்டினார்கள்: நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் நன்றாக நினைவு வந்தன.

இதுவரை பார்த்தது மண்ணில் உள்ள இடங்களை. இனித் திரைக்கு வருவோம். கோப்பாயில் ஒரு செத்தவீடு. கிரியை தொடங்குமுன்னரே கமராக்காரர் வந்துவிடுகிறார். குளிர்காலத்தில் இங்கே காலை பத்தரை என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு. அங்கே பிள்ளைகள் முழித்திருந்து நேரலையைப் பார்க்கிறார்கள். பிரேதம் வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் பெண்கள் படலையோடு, மிஞ்சினால் ஒழுங்கை முடக்கோடு நின்றுவிடுவது பழைய வழக்கம். சுடலைக்கு ஆண்கள்தான் போவார்கள். கமரா சுடலைவரை போகிறது. ஆகவே தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதைக் கோப்பாயில் இருக்கும் மகள் காணவில்லை; ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் இருக்கும் மகள் கண்டுவிட்டாள். எந்தச் சீர்திருத்தக்காரரும் கேட்காமலே ஒரு வழி திறந்துவிட்டது.

ஆனால் அந்த வழி ஒருபக்கம் மட்டும் திறப்பது. முற்றத்தில் இருப்பவர்களுக்கு அவளுடைய முகம் தெரியாது. அவள் அழுவதைப் பார்த்து யாரும் எழும்பி வந்து கட்டிப்பிடிக்க மாட்டார்கள். உடல் இல்லாத இடம் மூளைக்குக் குறைவான இடம் என்பதற்கும் சான்று உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மயாங்க் மேத்தாவின் குழு, எலியைச் சுழலும் பந்தின் மேல் நிறுத்திச் சுற்றிலும் திரையில் ஓர் அறையைக் காட்டியது. அந்த மெய்நிகர் அறைக்குள் எலி சுற்றித் திரிந்தபோது ஹிப்போகாம்பஸ் கலங்களில் பெரும்பங்கு அடங்கிப்போனது; மிஞ்சியவையும் இடத்தைச் சரியாகக் குறிக்கவில்லை. 2015இல் வந்த முடிவு இது. கண்ணுக்கு அறை இருந்தது. உடல் திரும்பும் உணர்வும் மணமும் அதற்கு ஏற்றபடி வரவில்லை.

இதற்கு எதிர்ப்புறமாக, சமூக விதிகள் உடல் இல்லாத இடத்துக்கும் சிரமமின்றிக் குடிபெயர்கின்றன. செக்கண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில், நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் மற்றவர்களும் 2007இல் பார்த்தபோது, ஆண் உருவங்கள் இரண்டு பேசினால் பெண் உருவங்கள் இரண்டைவிடத் தள்ளி நின்றன. நெருங்கி நின்றவை முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டன. மோதிக்கொள்ள உடம்பே இல்லை, ஆனாலும் விலகல் இருந்தது.

ஆனால் மெய்நிகர் இடத்தில் விதியைப் புதிதாக எழுதியவர்களும் உண்டு. யாழ்ப்பாண வீட்டுக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்க முன்னின்றவர். யாரும் வந்து திருத்தலாம் என்ற விதியோடு தொடங்கிய இடம் அது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 நூல்களைப் பற்றிப் பேசும் ஊரில், 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் யாரும் பதிவு செய்யாமலே வாசிக்க வைத்திருக்கிறது. மெய்நிகர் இடத்தில் வழியை இப்படி அகலத் திறந்தும் வைக்கலாம். ஆனால் கைத்தொலைபேசியில் நாம் நாள் முழுவதும் புழங்கும் குழுக்கள் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. பழைய மாணவர் குழு, கோயில் திருவிழா உபயகாரர் குழு, ஒன்றுவிட்ட சகோதரங்களின் குழு என்று எதிலும் நிர்வாகி சேர்த்தால்தான் ஆள் உள்ளே வரலாம். ஒழுங்கையில் எதிர்ப்படும் பிடிக்காதவரைப்போல யாரும் தற்செயலாக அங்கே முன்னால் வந்துவிட மாட்டார்கள்.

திருமண இணையத்தளங்களில் இது இன்னும் துல்லியம். தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் வெளிப்படையாகக் கேட்க முடியாமற்போன கேள்விக்கு அங்கே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. சாதியைத் தெரிவு செய்து அழுத்தினால், மற்றவர்களின் படம் திரைக்கே வராது. ஸ்காபுறோவில் இருந்து தேடுபவருக்கும் கோப்பாயில் இருந்து தேடுபவருக்கும் கிடைப்பது ஒரே பட்டியல்தான்.